ஏழு எழுத்தோ, எட்டு எழுத்தோ

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் வாய் நிறையப் பசை இருந்தது.

பல் கட்டுவதற்கு அச்சு எடுக்கும் பசை. ரோஜா நிறம், புதினா வாசம், சுண்ணாம்பு ருசி. டாக்டர் அதை ஒரு தட்டில் நிரப்பி என் மேல்தாடையில் அழுத்தி, "மூணு நிமிஷம். மூக்கால மூச்சு விடுங்க. பேசாதீங்க" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த அறையில் ஒரு குழந்தை வீறிட்டது. பின்னறையிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டுத் தட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் ஓடினார். வந்தவள் அந்த ஆஸ்பத்திரிக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவள். ஐம்பது வயது இருக்கலாம். முழங்கை வரைக்கும் அச்சு வார்க்கும் வெள்ளை மாவு. இரண்டு விரலால் தட்டைத் தாங்கிக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, முன்பின் தெரியாத என்னிடம் தன் அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

என்னால் "ம்" கொட்டக்கூட முடியவில்லை. முடிந்திருந்தால் இந்தக் கதை கிடைத்திருக்காது. "அட, எங்க வீட்டுல கூட இப்படித்தான்" என்று தொடங்கி என் புராணத்தை அவிழ்த்துவிட்டிருப்பேன். என்னை அறிந்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

மூன்று நிமிடம் முடிந்தது. பசை இறுகியது. டாக்டர் வந்துவிட்டார். அவள் தட்டைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள். கதையின் முடிவும் அவளோடு போய்விட்டது.

2

அந்தச் சமயத்தில் நான் எழுதவேண்டியிருந்தது கதையே அல்ல. ஒரு பத்திரிகை ஆசிரியர் கட்டுரை கேட்டிருந்தார்: கடிதம் எழுதும் பழக்கம் மறைந்துவருவது பற்றி ஆயிரம் வார்த்தை. "உருக்கமா இருக்கட்டும் சார்" என்று வேறு சொல்லியிருந்தார். எனக்கு உருக்கம் வரவில்லை, பல்வலிதான் வந்தது.

கட்டுரையின் முதல் வரி இது: "அன்பைச் சுமந்து வந்த அந்தத் தாள்கள் இன்று"

(அதற்கு மேல் ஓடவில்லை. தாள் அன்பை மட்டுமா சுமந்தது? கோள்மூட்டலைச் சுமந்தது. மொட்டைக் கடுதாசியைச் சுமந்தது. 'நலம், நலமறிய ஆவல்' என்று நலமே இல்லாத வீடுகளிலிருந்து பொய்யைச் சுமந்தது. நான் கடைசியாகக் கடிதம் எழுதிப் பதினான்கு வருஷம் ஆகிறது. மறைந்துவருகிறதே என்று அழ எனக்கு என்ன யோக்கியதை?)

கட்டுரையை ஓரங்கட்டிவிட்டுக் கதையைத் தொடங்கினேன். தொடக்கங்கள் இவை.

முதல் முயற்சி: "செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு அவளுக்கு ஒரு கடிதம் வந்தது." பழுதில்லை. உயிரும் இல்லை.

இரண்டாம் முயற்சி: "கடிதங்கள் வழக்கொழிந்துபோன ஒரு காலத்தில்" — பார்த்தீர்களா, கட்டுரை கொல்லைப்புறமாக உள்ளே நுழையப் பார்க்கிறது.

மூன்றாம் முயற்சியில் அவளுக்கு ஒரு பூனை வைத்தேன். தனியாக இருக்கும் பெண் என்றால் பூனை வைப்பது எங்களுக்குக் கைவந்த வித்தை. அடித்துவிட்டேன். பூனையை.

நான்காவதுதான் இது: அவளுக்குப் பல் செய்யத் தெரியும், கடிதத்தைத் திறக்கத் தெரியாது.

3

அவளுக்குப் பல் செய்யத் தெரியும், கடிதத்தைத் திறக்கத் தெரியாது. இருபத்தேழு வருஷமாக அதே பின்னறை. அதே மேஜை. மேஜைமேல் மெழுகு உருக்கும் சின்ன அடுப்பு, வரிசையாக ஊர்ப்பட்ட பேருடைய தாடைகளின் மாவு அச்சுகள். ஒரு பல் ஒரு மயிரிழை உயர்ந்தாலும் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

வாசலில் டோக்கன் கொடுக்கும் அம்மா, ஒரு நீலக் கடிதத்தை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். எல்லோருக்கும் அவள் டோக்கன் அம்மா.

"உனக்குத்தான். வக்கீல் நோட்டீஸா இருக்கும்."

"எனக்கு யாரு வக்கீல் நோட்டீஸ் விடப்போறா?"

"இப்பல்லாம் பேப்பர்ல அனுப்பறது அவங்க மட்டும்தான். யாருக்காவது பல்லு சரியா உக்காரலையோ என்னவோ."

உறை கிடையாது. தாளையே மூன்றாக மடித்துப் பசையால் ஒட்டும் நீலக் கடிதம். மேலே அவள் பெயர், அதன் கீழே 'பல் செய்யும் பிரிவு' என்று கோடு போட்டு எழுதியிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் அவள் வயிற்றில் ஏதோ புரண்டது. 'ழ'வின் வாலை வரி தாண்டிக் கீழே இழுத்துவிடும் கை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஆறு வருஷமாக அந்தக் கையிடமிருந்து ஒரு வரி வந்ததில்லை.

அவளுக்குப் பொறுக்கவில்லை. மெழுகு வெட்டும் கத்தியை எடுத்து, கூரியர் கவரைத் திறப்பதுபோல, கையில் அகப்பட்ட ஓரத்தில் ஒரே இழுப்பு. விரல் அகல நீலத் துண்டு ஒன்று மேஜைமேலிருந்த ஈரத் தட்டில் விழுந்தது. உட்காருமுன் மேஜையைச் சுத்தம் செய்வது அவள் வழக்கம். மாவுச் சில்லுகளோடு தட்டைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்தாள். படித்தாள்.

*அன்புள்ள அவசரத்துக்கு,*

*நலம், நலமறிய ஆவல் என்று எழுதப்போவதில்லை. எனக்கு நலமில்லை. உன் நலத்தை நான் ஆறு வருஷமாக விசாரிக்கவும் இல்லை.*

*போன் பண்ணாதே. பண்ணினால் நீ என்னை முடிக்க விடமாட்டாய், நான் உன்னை ஆரம்பிக்க விடமாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது.*

*அப்பா போன பிறகு அவர் அறையைக் காலி செய்தோமே, அன்றைக்கு நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். "அப்பாவை நீ சரியாப் பாத்துக்கலைன்னு" என்றேன். அதற்குள் நீ பாய்ந்துவிட்டாய். நானும் வீம்புக்குக் கிளம்பிவிட்டேன். அதை இன்றைக்கு முடிக்கிறேன். அப்பாவை நீ சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று எவனாவது சொன்னால் அவன் பல்லைத் தட்டிக் கையில் கொடுப்பேன், நீ வேறு பல் கட்டிக்கொடு. இதுதான் நான் சொல்ல வந்தது.*

*எனக்கு வலது கண் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இடது கண்ணுக்கு வருகிற இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, ஆபரேஷன். ஆஸ்பத்திரி விலாசம் பின்பக்கம். பார்வை மிஞ்சினாலும் மிஞ்சும், போனாலும் போகும் என்கிறார்கள். போனால் நான் கையால் எழுதும் கடைசிக் கடிதம் இதுதான். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ வந்து பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான்*

பக்கம் அதோடு முடிந்துவிட்டது. இடம் போதாமல் கடைசி வார்த்தையைப் பசை ஓரத்தின் விளிம்பில் எழுதியிருந்தாள் அக்கா. அந்த விளிம்பு எங்கே? அவள் கடிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் ஆஸ்பத்திரி விலாசம். அதற்கும் கீழே, அச்சடித்த எழுத்தில், 'இங்கே வெட்டவும்' என்று ஒரு புள்ளிக்கோடு. அது எதிர் ஓரத்தில் இருந்தது.

தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

4

இங்கே நிறுத்துகிறேன். எனக்கே இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்துவிட்டேன்.

ஒரே ஒரு வாக்கியத்துக்காக அக்காவும் தங்கையும் ஆறு வருஷம் பேசாமல் இருப்பார்களா? இதுவரை எழுதியதை என் மனைவியிடம் காட்டி இதைத்தான் கேட்டேன்.

"இருப்பாங்க" என்றாள். "நீங்க இத்தனை வருஷத்துல என்னை ஒரு வாக்கியமாவது முழுசா"

"அதெல்லாம் மிகை" என்றேன்.

நான் செய்ததை அவள் பார்த்தாள், நானும் பார்த்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நம் மொழியில் ஒரு சங்கடம் இருக்கிறது. விஷயம் கடைசியில்தான் வரும். "நீ கெட்டவன் என்று நான்" வரைக்கும் கேட்டவனுக்கு ரத்தம் கொதித்துவிடும். "ஒருநாளும் நினைத்ததில்லை" என்பது அதற்குப் பிறகுதான் வரவேண்டும். பாதியில் வெட்டினால் கும்பிடு குத்தாகிவிடும். நேரில் பேசும்போது வெட்டுவோம். போனில் இன்னும் மோசம், இருவர் குரலும் ஏறி ஒன்றும் கேட்காது. செய்தி அனுப்பும்போது, நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதே எதிராளிக்குத் தெரிந்துவிடுகிறது. முடிப்பதற்குள் அவரிடமிருந்து ஒரு கேள்விக்குறி வந்து விழுகிறது. கடிதத்தில் மட்டும்தான் எழுதுகிறவர் சாவகாசமாகக் கடைசிச் சொல் வரைக்கும் போக முடிந்தது. ஆசிரியரே, நீங்கள் கேட்ட கட்டுரை இவ்வளவுதான். ஆயிரம் வார்த்தை தேறாது.

எனக்கு அக்காவைப் பற்றித்தான் சந்தேகம். அவளை நான் பார்த்ததில்லை. ஒரு வரைவில் அவளைக் கண்டிப்பான பள்ளி ஆசிரியை ஆக்கினேன், பிரம்பு கொடுத்தேன். இன்னொன்றில் சாதுவாக்கிப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவில்லை. பல்லைத் தட்டிக் கையில் கொடுப்பேன் என்கிறவள் சாது இல்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகும் தங்கையை 'அவசரம்' என்று அழைக்கிறவள் கண்டிப்பும் இல்லை. சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர் அது. அடுப்பில் இருப்பதை வேகுமுன் எடுப்பாள், கேள்வி முடியுமுன் பதில் சொல்வாள், அதனால் அவசரம். அக்காவைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அடிக்குறிப்பு: இத்தனையும் மூன்று நிமிடத்தில் சொன்னாளா என்று கேட்பீர்கள். இல்லை. கொஞ்சம் பின்னால் கேட்டது, கொஞ்சம் நானே போட்டது. டோக்கன் அம்மாவின் வக்கீல் நோட்டீஸ் நிஜம். கடிதத்தின் வரிகள் ஏறக்குறைய நிஜம். வயிறு புரண்டது என் கைச்சரக்கு.

5

தொட்டியின் அடியில் ஒரு வாளி உண்டு. மாவு குழாயை அடைத்துவிடாமல் இருக்க, கழுவும் தண்ணீர் முதலில் அதில் விழுந்து, மாவு தங்கி, பிறகுதான் வெளியே போகும். வாரம் ஒருமுறை அதைக் காலி செய்வார்கள். அன்று அதில் ஆறு நாள் மாவு கிடந்தது.

அவள் தரையில் மண்டியிட்டு வாளியை வெளியே இழுத்தாள். கையை விட்டுத் துழாவினாள். மாவு, மெழுகுத் துண்டு, யாருடையதோ ஒரு கடைவாய்ப்பல். அழுகை வந்தது, அழுவதற்கு நேரமில்லை. ஒவ்வொரு பிடியாக அள்ளி வடிகட்டியில் போட்டு அலசினாள். ஒன்பதாவது பிடியில் நீலம் தெரிந்தது.

துண்டு முழுசாகவே கிடைத்தது. எழுத்துத்தான் இல்லை. அக்கா மை ஊற்றும் பேனாவில் எழுதுகிறவள், மை தண்ணீரோடு போயிருந்தது. வலது கோடியில் மட்டும், மாவு ஒட்டி மூடிய இடத்தில், ஒரு எழுத்து தப்பியிருந்தது. 'ன்'. அதன் பக்கத்தில் முற்றுப்புள்ளி.

தப்பியதே தப்பியது, இந்த எழுத்தா தப்பவேண்டும்! 'நான்' என்று தொடங்கும் வாக்கியம் ஏறக்குறைய எல்லாம் 'ன்' இல்தான் முடிகிறது. ஆனாலும் அவள் அதில் ஒரு நூலைப் பிடித்தாள். 'ன்' என்றால் 'நினைக்கவில்லை' இல்லை. 'எதிர்பார்க்கவில்லை' இல்லை. அது கொஞ்சம் ஆறுதல். பல்லின் அகலத்தை அளக்கும் காலிப்பரை எடுத்தாள். கடிதத்தில் அக்காவின் எழுத்து ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பத்து வரிகளில் அளந்து, சராசரி பார்த்து, துண்டின் நீளத்தை அதால் வகுத்தாள்.

ஏழு எழுத்து. இல்லையென்றால் எட்டு.

எட்டு எழுத்து என்றால் 'ஆசைப்படுகிறேன்'. ஏழு எழுத்து என்றால் 'கேட்கமாட்டேன்'.

நீ வந்து பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். நீ வந்து பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். இரண்டையும் அக்காவின் குரலில் சொல்லிப் பார்த்தாள். இரண்டுமே அக்காதான்.

6

டோக்கன் அம்மா மறுபடி எட்டிப்பார்த்தாள். முழங்கை வரை சேறாக, கையில் காலிப்பரோடு தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"என்னம்மா ஆச்சு? கேஸ் பெருசா?"

விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா இந்தப் பாடு? ஒரு போன் போட்டு, கடைசியில என்னக்கா எழுதினேன்னு கேட்டுட்டாப் போச்சு."

"போன் பண்ணாதன்னு எழுதியிருக்கா."

"அப்போ பதில் போடு."

"இது வர்றதுக்கே பதினோரு நாள் ஆயிருக்கு. ஆபரேஷன் நாளைக்கு மறுநாள். நாளைக்குக் காலையில வண்டி ஏறினாத்தான் போய்ச் சேர முடியும்."

"அப்போ ஏறு. வரவேண்டாம்னு நினைக்கிறவ எதுக்கு ஆஸ்பத்திரி விலாசம் எழுதறா?"

"எங்கக்காவை உங்களுக்குத் தெரியாதும்மா. கேக்கமாட்டேன்னு சொல்றதுக்கே முழு விலாசமும் கொடுப்பா. கேக்கமாட்டேன்னு சொன்ன எடத்துல போய் நின்னா, 'நான் கேட்டனா?'ன்னு முகத்தைத் திருப்பிக்குவா. அந்தக் கட்டுப் போட்ட கண்ணோட முகத்தைத் திருப்பிக்கிட்டா என்னால தாங்க முடியாது."

"போகாம இருந்தா?"

அவள் காலிப்பரைத் திறந்தாள், மூடினாள்.

"ஆசைப்படறேன்னு எழுதியிருந்து நான் போகாம இருந்தா, அதை அவ தாங்கமாட்டா."

முன்னறையிலிருந்து டாக்டர் குரல் கொடுத்தார். யாரோ ஒருவருக்கு அச்சுத் தட்டைப் பிடித்துக்கொள்ளவேண்டுமாம்.

அந்த யாரோ ஒருவர் நான்தான். கையைக் கழுவியும் கழுவாமலும் வந்து தட்டைப் பிடித்தாள். மூன்று நிமிடத்துக்குள் அடங்கியதைச் சொன்னாள். கடைசியாக, "இவ்வளவு நேரம் யாருமே குறுக்கே பேசாம நான் சொல்றதைக் கேட்டதில்ல சார். ரொம்ப நன்றி" என்றாள். அதற்கு நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. பசைக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

7

மேலே எனக்கு ஒன்றும் தெரியாது. பல் தயாராகப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளில் நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று. அவள் போகிறாள். அக்கா கையைப் பிடித்துக்கொள்கிறாள். இருவரும் அழுகிறார்கள். (ஆசிரியர் கேட்ட உருக்கம். இதை எழுதும்போது எனக்கும் கண் கலங்கியது. அதனாலேயே நம்பமுடியவில்லை.)

முடிவு இரண்டு. அவள் போகவில்லை. போகாததற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதுகிறாள். அது பதினோரு நாள் கழித்துப் போய்ச் சேரும்போது அக்காவுக்குப் படிக்கக் கண் இல்லை. (வலிக்கவேண்டும் என்பதற்காகவே வலிக்கவைப்பது. கிழித்துப்போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டிவைத்தேன். இந்த வேலையில் வெட்கம் பார்த்தால் ஆகாது.)

முடிவு மூன்று. அவள் வண்டி ஏறிவிடுகிறாள், ஆனால் வழியில்

(வழியில் என்ன? ஒன்றுமில்லை. ஒன்றும் தோன்றாதபோது பாத்திரங்களை வண்டியில் ஏற்றிவிட்டு ஜன்னலைப் பார்க்கவைப்பது என் பழைய தந்திரம்.)

சோறு இறங்கவில்லை. பல் இல்லாததால் மட்டும் அல்ல. நான் வாய் மூடிக் கேட்டது ஆயுளில் ஒரே ஒரு கதை, அதுவும் பாதியில் நின்றுவிட்டது. மனைவி இரண்டு தடவை, "போய்க் கேட்டுட்டு வாங்களேன்" என்றாள். கேட்டால் கதை கெட்டுவிடும் என்றேன். கதை கெட்டால் என்ன, ஒரு மனுஷி என்ன ஆனாள் என்று தெரியவேண்டாமா என்றாள். இந்த முறை அவளை முழுசாகச் சொல்லவிட்டேன்.

8

பத்தாம் நாள் போனேன். டாக்டர் பல்லை மாட்டிவிட்டார். கண்ணாடியில் யாரோ ஒரு வியாபாரி சிரித்தான். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே வரும்போது டோக்கன் அம்மாவிடம், பல் செய்கிற அம்மா எங்கே என்று விசாரித்தேன்.

"அவ லீவு சார். அவங்க அக்காகிட்டப் போயிருக்கான்னு"

"அப்படியா! அப்பாடா! ரொம்ப சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம்!" என்று புதுப்பல் தெரியச் சிரித்துவிட்டுப் படி இறங்கினேன்.

தெருமுனை வரைக்கும் காற்றில் நடந்தேன். முதல் முடிவையே வைத்துக்கொள்ளலாம், அழுகையைக் கொஞ்சம் குறைத்தால் போதும். சாலையைக் கடக்கக் காலை எடுத்து வைத்தபோதுதான் சுருக்கென்றது. 'போயிருக்கான்னு.' என்னவென்று? போயிருக்கிறாள் என்று சொன்னாளா? போயிருக்கிறாள் என்று டாக்டர் நினைக்கிறாரா? போயிருக்கிறாள் என்று நாங்களெல்லாம் நினைத்தோம், ஆனால்?

திரும்பிப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். மதிய இடைவேளை, யாரும் இல்லை. நடுத்தெருவில் நின்று என்னை நானே திட்டிக்கொண்டேன். போகிற வருகிறவர்கள், புதுப்பல் கட்டிய ஒருவன் தனக்குத்தானே பேசுவதைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள்.

9

நல்லவேளை, பல் கடித்தது. மேல் ஈறில் இடதுபக்கம் ஒரு புள்ளி புண்ணாகிவிட்டது. வேறு யாராயிருந்தாலும் சலித்துக்கொள்வார்கள், நான் குதித்துக்கொண்டு போனேன். நான்கு நாள் கழித்து அதே நாற்காலி. டாக்டர் பார்த்துவிட்டுப் பின்னறைப் பக்கம் குரல் கொடுத்தார். அவள் வந்தாள்.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தை ஒரு விரலால் விலக்கிப் புண்ணைப் பார்த்தாள். மறுபடியும் நான் ஊமை. பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சின்ன அரத்தால் தேய்த்தபடியே பேசினாள்.

"போனேன் சார்."

தேய்த்தாள். பொக்கை வாயோடு நான் காத்திருந்தேன்.

"கண்ணுல கட்டுப் போட்டுப் படுக்க வெச்சிருந்தாங்க. நான் போய் நின்னதும், 'யாரது?'ன்னா. அவசரம்னேன். அப்புறம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா சார்? 'லெட்டரைக் கடைசி வரைக்கும் படிச்சியா?'ன்னு."

அரத்தை நிறுத்தினாள்.

"உண்மையைச் சொல்லிட்டேன். வெட்டிட்டேன்க்கா, கடைசி வார்த்தை போயிடுச்சு, என்ன எழுதியிருந்தேன்னு சொல்லுன்னு கேட்டேன். அவளுக்கு வந்துச்சே சிரிப்பு! நர்ஸ் ஓடிவந்து கண்ணு கெட்டுடும், சிரிக்காதீங்கன்னு அதட்டறாங்க. 'எழுதி அனுப்பினது எனக்கு எப்படிடி ஞாபகம் இருக்கும்? அதை உன்கிட்டதானே கொடுத்தேன்'ங்கறா. எழுதும்போது கோபமும் இருந்துச்சாம், ஆசையும் இருந்துச்சாம். ரெண்டுல எதைப் போட்டேன்னு சத்தியமா தெரியலைங்கறா. 'பேனா எடுத்து நீயே போட்டுக்கோ'ன்னுட்டா."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. என் மூன்று முடிவுகளில் ஒன்றிலாவது, எழுதியவளுக்கே அந்தச் சொல் மறந்துபோகும் என்று தோன்றியதா? கடிதம் எழுதுகிறவர் கையில் நகல் இருப்பதில்லை என்ற சின்ன விஷயம்கூட எனக்கு மறந்துபோயிருக்கிறது. நாம் சொன்னதெல்லாம் நம்மிடமே சேர்ந்து கிடக்கும் காலத்துக்குப் பழகிவிட்டேன்.

கட்டை அவிழ்த்துவிட்டார்களாம். வெளிச்சம் தெரிகிறதாம். எழுத்துத் தெரிய ஆறு வாரம் ஆகும், தெரியாமலும் போகலாம். லீவு முடிந்து வந்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை மறுபடி போகப்போகிறாள். இப்போதும் பேசும்போது ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்கிறார்களாம். "என்ன, இப்பல்லாம் வெட்டினா 'ஏய், வினைச்சொல்லு வரல'ங்கறா. நிறுத்திடறேன்" என்றாள்.

மேல்சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினாள். அந்தத் துண்டை மறுபடி அதன் இடத்தில் வைத்து ஒட்டியிருந்தாள். இணைப்பே தெரியவில்லை, அவள் வேலை அப்படி. விளிம்பு வெறுமையாக, கோடியில் 'ன்' மட்டும் இருந்தது.

"இன்னும் போடல சார். ரெண்டு தடவை பேனாவை எடுத்துட்டேன். ஆசைன்னு போட்டா, அவ கோபத்தை நான் அழிச்ச மாதிரி இருக்கு. கேக்கமாட்டேன்னு போட்டா, ஆசையை அழிச்ச மாதிரி இருக்கு." பல்லை என் வாயில் மாட்டி அழுத்தினாள். கடிக்கவில்லை. வாய் என்னுடையதாகிவிட்டது. "நீங்க எழுதறவராமே. டோக்கன் அம்மா சொன்னாங்க. என்ன போடலாம்னு உங்ககிட்டக் கேக்க"

என் நாக்கில் இரண்டு யோசனைகள் தயாராக இருந்தன. இரண்டும் அழகானவை. ஒன்றில் ஏழும் எட்டும் அல்லாத ஒரு மூன்றாவது சொல்கூட இருந்தது. நாக்கு புதுப்பல்லை முட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. அரத்தில் ஒட்டியிருந்த தூளை அவள் ஊதிவிட்டாள்.

"மாட்டேன் சார். அது நான் போடவேண்டியது."

சொன்ன பிறகு, தான் சொன்ன சொல் அவள் காதிலேயே விழுந்திருக்கவேண்டும். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு மாவுக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னறைக்குள் போய்விட்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதமாட்டேன்.

10

வீட்டுக்கு வந்து, மனைவி எதிரில் உட்கார்ந்து, "அன்னிக்கு நீ என்னமோ சொல்ல வந்தியே" என்றேன்.

"எது?"

"'என்னை ஒரு வாக்கியமாவது முழுசா'ன்னு ஆரம்பிச்சே."

அவள் யோசித்தாள். "மறந்துபோச்சு" என்றாள்.

அது பொய்யாக இருக்கலாம். நான் வெட்டவில்லை, காத்திருக்கிறேன். இந்த வரியை எழுதும்போதும் எதிர் நாற்காலியில்தான் இருக்கிறாள். பேசுவாள் என்று நினைக்கிறேன். அவள் பேசத் தொடங்கினால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடவேண்டியிருக்கும், ஆகவே உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிடுகிறேன்.

பல் செய்கிறவள் தன் கடிதத்தில் எதைப் போட்டாள், போட்டாளா என்று நான் விசாரிக்கப்போவதில்லை. அது அவள் தாள். இது உங்கள் தாள். ஆசிரியரிடம் சொல்லி இந்தப் பக்கத்தின் அடியில் ஒரு விரல் அகலம் இடம் விடச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் ஒரு அக்காவோ தம்பியோ சிநேகிதனோ இருப்பார்கள், அவர்களும் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியிருப்பார்கள், நிறுத்தியது நீங்களாகவும் இருக்கலாம். பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு எழுத்தோ, எட்டு எழுத்தோ. கடைசி எழுத்தை நான் போட்டுவிட்டேன்.

நீ வந்து பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் . . . . . . . ன்.